டிரையரில் சூடு வருகிறது, துணி காயவில்லை, பாதியில் சூடும் நின்றுவிடுகிறது. சூடு தருகிற காயிலை மாற்றத்தான் வேண்டுமா?

பெருங்குடி_அம்மு | சனி இரவு 9:40

வணக்கம். ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டு டிரையரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

7 கிலோ மெஷின், பின்பக்கம் குழாய் வைத்து ஈரக்காற்றை வெளியே தள்ளுகிற டைப். மூன்று வருடம் முன்பு மாடி வீட்டுக்காரர்கள் பெங்களூருக்கு மாறிப் போனபோது அவர்களிடம் வாங்கினோம். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறாள், மாமனார் படுக்கையில் இருக்கிறார், அதனால் தினமும் ஒரு மூட்டை துணி சேர்ந்துவிடுகிறது. இந்த மழையில் கொடியில் இரண்டு நாள் தொங்கினாலும் ஈரவாடைதான் மிச்சம். டிரையர் இல்லாமல் எங்களால் முடியாது.

ஆடி மாதம் வரைக்கும் ஒரு லோடு ஒன்றேகால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். இப்போது மூன்று மணி நேரம் ஓட்டினாலும் ஜீன்ஸ் இடுப்புப் பட்டையும் துண்டின் ஓரமும் நசநசவென்று இருக்கின்றன. தொட்டால் துணி கொதிக்கிற மாதிரி சூடு, ஆனால் ஈரம். அப்புறம், ஆரம்பித்து 25 நிமிஷம் ஆனதும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, காற்று மட்டும் ஆறிப்போகிறது. அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி சூடு வருகிறது. கதவுக்கு உள்ளே இருக்கும் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் எடுத்துத் துடைக்கிறேன், அதில் குறை வைக்கவில்லை.

ஒரு டெக்னீஷியனை வரவழைத்தோம். பத்து நிமிஷம் பார்த்தார், பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. காயில் வீக் ஆகிவிட்டது, மாற்ற 5,800 ரூபாய் ஆகும் என்றார். யோசிக்கிறோம் என்றதும், "சரி மேடம், கட்-அவுட்தான் ட்ரிப் ஆகுது, அதை டைரக்ட் பண்ணி விட்டுடறேன், 500 கொடுங்க, நிக்காம ஓடும்" என்றார். என் கணவர் சரி என்று சொல்லப் போனார், நான்தான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். குழந்தை தூங்குகிற அறைக்கு அடுத்த சுவர்தான் டிரையர் வைத்திருக்கிற யூட்டிலிட்டி அறை. நான் செய்தது சரிதானா? காயிலை மாற்றலாமா?


அம்பத்தூர்_மெக்கானிக் | சனி இரவு 10:25

மேடம், நீங்கள் அவரை அனுப்பியதுதான் சரி. கட்-அவுட் என்பது சூடு அளவு மீறினால் காயிலை நிறுத்துகிற பாதுகாப்பு சுவிட்ச். அதை டைரக்ட் செய்வது என்றால் அதன் இரண்டு முனையையும் ஒரு வயரால் இணைத்துவிடுவது. அதற்குப் பிறகு உள்ளே எவ்வளவு சூடு ஏறினாலும் காயிலை நிறுத்த ஆள் கிடையாது. உள்ளே சுற்றுவது துணி, அடியில் கிடப்பது பஞ்சு. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி டைரக்ட் செய்த மெஷின்களை நானே திருப்பிச் சரி செய்திருக்கிறேன், ஒன்றில் ப்ளாஸ்டிக் காற்றாடி உருகிக் கோணிப்போயிருந்தது.

இப்போது காயில் விஷயம். காயில் பல்பு மாதிரி, எரியும் அல்லது அறுந்துபோகும். வயசாகி "வீக்" ஆவது என்று ஒன்று இல்லை. சில மாடலில் இரண்டு காயில் இருக்கும், ஒன்று அறுந்தால் பாதிச் சூடுதான் வரும், அப்போது துணி வெதுவெதுப்பாக இருக்கும். உங்களுக்குத் துணி கொதிக்கிறது என்கிறீர்கள். ஆகவே காயில் நன்றாக இருக்கிறது, அதில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

டிரையர் எப்படிக் காய வைக்கிறது என்று ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி தானாகப் புரியும். சூடு துணியிலிருந்து தண்ணீரை ஆவியாக எழுப்பி விடும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த ஆவியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது காற்று. மொட்டை மாடியில் வெயிலே இல்லாவிட்டாலும் நல்ல காற்று அடித்தால் வேட்டி காய்ந்துவிடுகிறது இல்லையா, அதே கதைதான். காற்று ஓட்டம் அடைபட்டால் ஆவி டிரம்முக்குள்ளேயே சுற்றும், துணி வேகும், காயாது. வெளியே போக வேண்டிய சூடு பெட்டிக்குள் தேங்கும், கட்-அவுட் அதைப் பார்த்துக் காயிலை நிறுத்தும், ஆறியதும் தானாகத் திரும்ப விடும். உங்கள் மெஷினில் 25 நிமிஷத்தில் நடப்பது இதுதான். அந்தச் சின்னப் பாகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

(டிரம்மும் சேர்ந்து நின்று, ஆறிய பிறகு ஓடினால் மோட்டார் சூடாகிறது என்று அர்த்தம், அது வேறு. சுவிட்சைப் போட்டதும் "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு டிரம் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் போயிருக்கும். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, டிரம் மட்டும் நிற்கிறது, கையால் தள்ளினால் எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கும். யாராவது தேடி வருவார்கள் என்று எழுதி வைக்கிறேன்.)

நாளைக்குப் பகலில் ஒரு சோதனை செய்யுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்னால் இருக்கும் குழாயைக் க்ளாம்ப் தளர்த்திக் கழற்றுங்கள். மறுபடி ப்ளக் போட்டு நாலைந்து ஈரத் துண்டோடு பத்து நிமிஷம் ஓட்டி, அந்த வாயில் உள்ளங்கையைக் காட்டுங்கள். டேபிள் ஃபேன் எதிரில் கை வைத்த மாதிரி தள்ள வேண்டும். அங்கே காற்று பலமாக இருந்தால் மெஷின் நல்ல மெஷின், கோளாறு குழாயிலும் குழாய் முடிகிற இடத்திலும்தான். அங்கேயே மூச்சுவிடுகிற மாதிரிதான் வருகிறது என்றால் வடிகட்டியும் காற்றாடியும் பார்க்க வேண்டும்.

வடிகட்டியைத் துடைத்தால் மட்டும் போதாது. குழாயடியில் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வலை வழியாகத் தண்ணீர் சரசரவென்று இறங்க வேண்டும். தட்டு மாதிரி தேங்கி நின்றால் துணிக்குப் போடும் கண்டிஷனர் பிசுக்கு வலைக்கண்ணை மூடியிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும், தேய்த்துக் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பின்மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமிருக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும், குழாய் எங்கே போய் முடிகிறது?


வயர்மேன்_தாம்பரம் | ஞாயிறு காலை 7:10

மெக்கானிக் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கரன்ட் பக்கம் இரண்டு விஷயம் மட்டும்.

முதலில் ப்ளக். இந்த மெஷின்கள் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 2200 வாட் என்று வைத்தால் 230 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியருக்கு மேல் வருகிறது. இதை 16 ஆம்ப் பாயின்ட்டில் நேராகத்தான் போட வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அதே போர்டில் வாஷிங் மெஷினையும் சேர்த்து ஓட்டாதீர்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு ப்ளக்கின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், லேசான சூடு இருக்கலாம். பிடிக்க முடியாத சூடு, பின்னில் பழுப்புக் கறை, மீன் கருகின மாதிரி ஒரு நாற்றம், இதில் எது இருந்தாலும் சாக்கெட்டின் உள் பிடிமானம் தளர்ந்துபோயிருக்கிறது. சாக்கெட்டையும் ப்ளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது வோல்டேஜ். காயிலின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 190 வந்தால் ஏதோ கொஞ்சம்தான் குறையும் என்று நினைப்போம், ஆனால் 2200 வாட் கிட்டத்தட்ட 1500க்கு இறங்கிவிடும். சாயந்திரம் மட்டும் மெதுவாகக் காய்கிறது, மதியம் சரியாக இருக்கிறது என்று சொல்கிற வீடுகளில் நான் முதலில் மீட்டரைத்தான் வைப்பேன். அம்மு மேடம் வீட்டில் துணி கொதிப்பதால் இது காரணம் இல்லை, ஆனாலும் சாக்கெட்டை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.


மேற்கு_மாம்பலம்_மாமி | ஞாயிறு காலை 9:30

அம்மு கண்ணா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ படுகிற அவஸ்தை எனக்குத் தெரியும், என் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தபோது மார்கழி முழுக்க இதே கதைதான். எங்களுடையது தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிற கண்டென்சர் மெஷின், குழாய் கிடையாது. அதற்கும் மூச்சு அடைக்கும். கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்தால் உள்ளே கம்பிச் சீப்பு மாதிரி ஒரு பெட்டி. மாதம் ஒரு தடவை அதை வெளியே இழுத்து, வாளியில் வைத்து ஷவரைப் பிடித்தால் சாம்பல் நிறத்தில் கூழாக இறங்கும். வாங்கின முதல் வருஷம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, தெரிந்தவரும் யாரும் சொல்லவில்லை.

"காய்ந்துவிட்டது" என்று மெஷினே நிறுத்திக்கொள்கிறது, எடுத்துப் பார்த்தால் ஈரம், இப்படியும் சில பேருக்கு வரும். அதற்கு டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டை இருக்கும், ஈரத் துணி அதில் படப் படத்தான் ஈரம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். கண்டிஷனர் படிந்து மெழுகு மாதிரி மூடிக்கொண்டால் பாவம் அதற்கு ஒன்றும் தெரியாது. வெள்ளை வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எண்ணெய்த் துண்டு. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துடைத்த துண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கப் போட்ட பழைய வேட்டி, இதெல்லாம் எத்தனை தடவை சோப்பில் அலசினாலும் நூலுக்குள் எண்ணெய் நிற்கும். மோந்து பார், தெரியும். அதை டிரையரில் போடவே கூடாது. எண்ணெய் காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகச் சூடாகும், சூடான துணியை மூட்டையாகக் குவித்து வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்ப் பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயைவிட நல்லெண்ணெய்க்கு இது அதிகம். கடைசிப் பத்து நிமிஷம் மெஷின் சூடில்லாமல் சுற்றுகிறதே, அது துணியை ஆற்றுவதற்காக. பொறுமையில்லாமல் நடுவில் நிறுத்திச் சுடச்சுட அள்ளிக் கூடையில் திணிக்காதே. எங்கள் வீட்டில் எண்ணெய்த் துண்டுக்குத் தனிக் கொடி, எத்தனை நாள் ஆனாலும் அதில்தான் காயும்.

மாமனாரின் படுக்கைக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்திருந்தால் அதையும் போடாதே.


அடையாறு_வாசகன் | ஞாயிறு மதியம் 12:15

மாமி சொல்வதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சில வருடம் அமெரிக்காவில் இருந்தேன், அங்கே வீட்டுக்கு வீடு டிரையர். அந்த நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கை எடுத்தபோது வீட்டு டிரையர்களால் ஆண்டுக்கு சுமார் 2,900 தீ விபத்துகள் என்று வந்தது. அதில் முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, 34 சதவீதம். நம் ஊரில் டிரையர் இப்போதுதான் பரவலாக வந்துகொண்டிருக்கிறது, வாங்கிக் கொடுக்கிறவர்கள் பஞ்சு வடிகட்டியைக் காட்டிவிட்டுப் போகிறார்கள், குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குடியிருந்த வீட்டில் குழாயைக் கழற்றி வருடம் ஒரு தடவை சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று வீட்டுக்காரர் எழுதியே கொடுத்திருந்தார். வாட்ஸ்அப்பில் நம் அப்பார்ட்மென்ட் குழுக்களில் இதைப் பகிர்ந்தால் நல்லது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது, கடைக்குக் கிளம்பிவிடுவது, இரண்டையும் நிறுத்துங்கள்.


பெருங்குடி_அம்மு | ஞாயிறு மாலை 5:50

அண்ணா, மாமி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. காரணம் கிடைத்துவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

குழாயைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். கை வைத்ததும் நைட்டியின் கை படபடவென்று அடித்தது, அவ்வளவு காற்று. ஆகவே மெஷினில் குறை இல்லை. மறுமுனையைத் தேடிப் போனோம். எங்கள் யூட்டிலிட்டியின் கம்பி ஜன்னல் வழியாகக் குழாய் வெளியே போகிறது. ஆவணியில் புறா வலை கட்ட ஆள் வந்தார்கள், அதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று குழாயைக் கம்பிக்குள் இழுத்து நசுக்கி, கொசு வராமல் இருக்கட்டும் என்று வாயில் நைலான் கொசுவலை வைத்துக் கம்பியால் சுற்றிவிட்டார்கள். நல்லது நினைத்துத்தான் செய்தார்கள், நாங்களும் அப்போது சந்தோஷப்பட்டோம்.

அந்த வலையைக் கத்தரித்து எடுத்தேன். ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு, சாம்பல் நிறம், ஈரமாக, கம்பளித் துண்டு மாதிரி ஒரே வட்டமாகப் பெயர்ந்து வந்தது. நடுவில் குழந்தையின் மஞ்சள் ஸ்வெட்டர் நூல், என் தலைமுடி, எப்படி உள்ளே வந்ததோ ஒரு சின்னப் புறா இறகு. குழாய் நீளமாக இருந்ததால் நடுவில் வயிறு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த இடத்தைத் தூக்கியதும் சளசளவென்று சத்தம். பக்கெட்டில் சாய்த்தால் முக்கால் சொம்பு தண்ணீர். இவ்வளவும் அடைத்துக்கொண்டிருக்க, நான் மூன்று மணி நேரம் ஓட்டியிருக்கிறேன்.

வடிகட்டியில் தண்ணீர் ஊற்றியபோது பாதி தேங்கியது, பிரஷ் போட்டுத் தேய்த்தேன், இப்போது இறங்குகிறது. வயர்மேன் அண்ணா சொன்ன மாதிரி ப்ளக்கைப் பார்த்தோம், ஒரு பின்னில் பழுப்புக் கறை இருந்தது, நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார்.

குழாய் இல்லாமலேயே, ஜன்னல் கதவைத் திறந்து வைத்து ஒரு லோடு போட்டேன். 1 மணி 20 நிமிஷம், நடுவில் சூடு நிற்கவில்லை, ஜீன்ஸ் பட்டை மொறுமொறுவென்று இருக்கிறது. ஆனால் யூட்டிலிட்டி சுவரெல்லாம் வியர்த்து வழிகிறது. இப்படியே குழாய் இல்லாமல் விடலாமா?

இன்னொன்று, கரன்ட் பில். இவ்வளவு நாள் எவ்வளவு வீணாகியிருக்கும் என்று நினைத்தாலே பகீர் என்கிறது.


அம்பத்தூர்_மெக்கானிக் | ஞாயிறு இரவு 8:05

ரொம்ப சந்தோஷம் மேடம். குழாய் இல்லாமல் விடக் கூடாது. இந்த மெஷின் தன்னைச் சுற்றி இருக்கிற காற்றைத்தான் இழுத்துச் சூடாக்குகிறது. வெளியே விட்ட ஈரக் காற்றையே திரும்ப இழுத்தால் இரண்டாவது லோடுக்கு மறுபடி நேரம் கூடும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். சுவரில் பூசணம் பிடிக்கும், பஞ்சும் அறையில் பறக்கும், குழந்தைக்கு ஆகாது.

பழைய சுருள் ப்ளாஸ்டிக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 4 இன்ச் அலுமினியக் குழாய், சமையலறை சிம்னிக்கு விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும், ஆனால் பேப்பர் மாதிரி மெலிசாக இருக்கிறதை வாங்காதீர்கள், கையால் வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்க வேண்டும். எவ்வளவு குறைவான நீளத்தில் முடியுமோ அவ்வளவு வெட்டி, தொங்கவிடாமல், வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து மாட்டுங்கள், உள்ளே கோக்கிற தண்ணீர் வெளியே வடிந்துவிடும். ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தின்னும், ஒரே ஒரு வளைவோடு முடியுங்கள். இணைப்புக்கு ஸ்க்ரூ அடிக்க வேண்டாம், முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடிக்கும். க்ளாம்ப் போதும். வாயில் எந்த வலையும் வேண்டாம். புறா, கொசு பயம் இருந்தால் காற்று வரும்போது திறந்து, நின்றதும் தானாக விழுந்து மூடுகிற ஷட்டர் மூடி கிடைக்கும், அதை வையுங்கள். புறா வலைக்காரரை அழைத்து அந்த ஒரு இடத்தில் வட்டமாக வெட்டி ஓரம் கட்டித்தரச் சொல்லுங்கள்.

பில் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டுமே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும், இழப்பெல்லாம் சேர்த்து இந்த டைப் மெஷினில் லிட்டருக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு லோடில் 4 லிட்டர் ஈரம் இருந்தால் 4 யூனிட். வாரம் மூன்று லோடு என்றாலே இரண்டு மாத பில்லில் 100 யூனிட் வந்துவிடும், நமக்கு இலவசமாகக் கிடைக்கிற அந்த 100 யூனிட் டிரையருக்கே சரியாகப் போய்விடும். உங்களுக்கு தினமும் ஓடுகிறது. அதனால் வாஷிங் மெஷினில் ஸ்பின் வேகத்தைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் ஒரு கிலோ துணியில் சுமார் 700 மில்லி தண்ணீர் நிற்கும், 1400இல் 500 மில்லிக்குப் பக்கம் இறங்கிவிடும். சுற்றிப் பிழிவதற்கு ஆகும் கரன்ட் சொற்பம், சுட வைத்து விரட்டத்தான் பணம். குழந்தைத் துணி, துண்டு, போர்வை எல்லாவற்றுக்கும் 1200 தாராளமாக வைக்கலாம். ஜீன்ஸையும் மெல்லிய துணியையும் சேர்த்துப் போடாதீர்கள், மெல்லியது காய்ந்து கருகுகிற வரைக்கும் ஜீன்ஸுக்காகச் சுற்றும்.


பெருங்குடி_அம்மு | ஞாயிறு இரவு 8:40

அண்ணா, பார்த்தேன், எங்கள் வாஷிங் மெஷின் இவ்வளவு நாளும் 800இல்தான் இருந்திருக்கிறது. மாற்றிவிட்டேன். குழாயை வாங்க நாளைக்கு என் கணவர் போகிறார். வடிகட்டியின் ஓரத்தில், ப்ளாஸ்டிக்கோடு வலை சேருகிற இடத்தில், அரை இன்ச் கிழிசல் இருக்கிறது, தேய்க்கும்போதுதான் கவனித்தேன். ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?


அம்பத்தூர்_மெக்கானிக் | ஞாயிறு இரவு 9:00

ஒட்டாதீர்கள், சூட்டில் விட்டுவிடும். அந்தக் கிழிசல் வழியாகத்தான் அவ்வளவு பஞ்சும் குழாய்க்குப் போயிருக்கிறது. மெஷின் பக்கவாட்டில் அல்லது கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக் காட்டி அதே அளவு வடிகட்டி வாங்குங்கள். வருகிற வரைக்கும் டிரையரை ஓட்டாமல் இருந்தால் நல்லது, தவிர்க்க முடியாவிட்டால் பாதி லோடு மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. குழாய் மாட்டுகிற அன்றைக்கே பின்மூடியைக் கழற்றி உள்ளே தேங்கியிருக்கிற பஞ்சை வேக்கம் போட்டு எடுக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். மூன்று வருடப் பஞ்சு காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் கட்-அவுட்டை யாரும் முன்பே டைரக்ட் செய்திருக்கிறார்களா என்றும் பார்க்கட்டும், பழைய மெஷின் என்பதால் சொல்கிறேன்.